மேசையைத் துடைத்துவிட்டுப் போங்கள்

மைக்ரோபயாலஜி லேபில் உதவியாளர் என்று சொன்னால், "ரத்தம் எடுப்பீங்களா?" என்றுதான் அக்கம்பக்கத்தில் கேட்பார்கள். எங்கள் வேலை வேறு. காலையில் கிருமிக்கு உணவான மீடியாவை எடைபோட்டுக் கரைத்து, ஆட்டோகிளேவில் ஏற்றி இறக்கி, பிளேட்டுகளில் ஊற்றி ஆறவைப்போம். மதியம் பிள்ளைகள் வந்து அதில் கிருமி வளர்ப்பார்கள். மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ அவர்கள் பார்த்துக் குறிப்பெடுத்ததும், வளர்ந்ததையெல்லாம் கொன்று, கண்ணாடிச் சாமான்களைக் கழுவிக் கவிழ்ப்போம். பாடம் நடத்துவது பேராசிரியர்கள். பாடத்துக்கு முன்னும் பின்னும் நாங்கள். கோவிலம்பாக்கத்தில் குடியிருந்துகொண்டு, மேடவாக்கம், செம்பாக்கம், சேலையூர் வழியாகத் தாம்பரம் பக்கத்துக் கல்லூரிகளுக்குப் போய்வந்தே எனக்குத் தலை நரைத்தது. பிள்ளைகளுக்கு நான் முதலிலிருந்தே 'அண்ணா'. அவர்களுடைய அப்பாக்களைவிட வயது கூடிய பிறகும் அண்ணாதான்.

இந்த வேலை எனக்குக் கற்றுக்கொடுத்தது ஒன்று உண்டு. லேபில் கவனக்குறைவாக இருக்கிறவர் பல நேரம் தப்பித்துப் போய்விடுவார். மாட்டிக்கொள்வது அவருக்குப் பின்னால் வருகிறவர். மேசையைத் துடைக்கிற ஆயாம்மா, அடுத்த பேட்ச் மாணவி, குப்பை எடுக்கிற ஆள், வீட்டில் இருக்கும் குழந்தை என்று அந்த வரிசை நீளும். பாதுகாப்பு விதிகளைச் சுவரில் ஒட்டியிருப்பார்கள். பிள்ளைகள் அவற்றைத் தங்களைக் காப்பாற்றிக்கொள்ளும் விதிகளாகப் படித்துவிட்டு, "எனக்கு ஒண்ணும் ஆகாதுண்ணா" என்று சிரிப்பார்கள். விதி அவர்களுக்காக மட்டும் எழுதியதில்லை என்று புரியவைப்பதுதான் கஷ்டம்.

அதற்கு நான் சொல்வது அமெரிக்காவில் 2011-இல் வெளியான ஒரு சம்பவம். சால்மோனெல்லா டைஃபிமியூரியம் என்ற கிருமியால் 38 மாநிலங்களில் 109 பேருக்கு வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் வந்து, ஒருவர் இறந்தே போனார். அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் எந்த ஹோட்டல், எந்தக் கோழி என்று தேடியபோது, நோயாளிகளில் பலர் மைக்ரோபயாலஜி லேபில் படிப்பவர்களாகவோ வேலை பார்ப்பவர்களாகவோ இருந்தார்கள். கிருமியும், பாடம் நடத்துவதற்காகக் கடையில் விற்கிற கல்ச்சரோடு ஒத்துப்போனது. நோய்ப்பட்டவர்களில் சின்னக் குழந்தைகளும் இருந்தார்கள். அவர்கள் எந்த லேபிலும் கால் வைத்தவர்கள் இல்லை. வீட்டில் ஒருவர் லேபுக்குப் போய்வந்தார், அவ்வளவுதான். 2014-லும் 2017-லும் இதே கதை திரும்ப நடந்தது. மருத்துவமனை லேப்களுக்கு இருக்கிற மாதிரி கல்லூரி லேப்களுக்கும் தனி வழிகாட்டுதல் வேண்டும் என்று உணர்ந்து, அமெரிக்க நுண்ணுயிரியல் சங்கம் 2012-இல் ஒன்றை வெளியிட்டது.

கிருமி எப்படி வீட்டுக்குப் போயிருக்கும் என்று யோசிக்க நான் அமெரிக்கா போக வேண்டியதில்லை. நம் ஊர் ரெக்கார்டு நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பிரவுன் அட்டை போட்ட அந்த நோட்டு லேப் மேசையில் கல்ச்சர் டியூப் ஸ்டாண்டுக்குப் பக்கத்திலேயே விரிந்து கிடக்கும். ஒரு கையில் கிருமியைத் தொட்டெடுக்கும் கம்பியான லூப், இன்னொரு கையில் பேனா. மணி அடித்ததும் அதே நோட்டு கேன்டீன் மேசைக்குப் போகும். பையில் சாப்பாட்டு டப்பாவோடு உரசும். ராத்திரி கட்டிலில் தலையணைக்குப் பக்கத்தில் படம் வரைய விரியும். பிறகு கையெழுத்துக்காகப் பேராசிரியர் கைக்கு வரும். அவர் எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டுகிறவராக இருந்தால் கேட்கவே வேண்டாம். நான் வேலை பார்த்த லேபில் கடைசியில் ஓர் ஏற்பாடு செய்தோம். ரெக்கார்டு நோட்டு வெளியே அலமாரியில் இருக்கும். உள்ளே வெள்ளைத்தாளும் லேப் பேனாவும் நாங்களே தருவோம். தாளில் எழுதியதைச் செல்போனில் படமெடுத்து எடுத்துப் போகலாம். ஆனால் கையைக் கழுவிய பிறகு, வாசலில் நின்று. செல்போனை மேசையில் வைத்தால் பறிமுதல். முதலில் முணுமுணுத்தார்கள். ஒரு பருவத்துக்குள் பழகிவிட்டது.

கை தன்னையறியாமல் முகத்துக்குப் போவதைத் தடுப்பதுதான் எல்லாவற்றிலும் கடினம். நகம் கடிப்பது, பேனா மூடியைக் கடிப்பது, வியர்வையைத் துடைப்பது, ஸ்டிக்கர் பொட்டை நகர்த்தி வைப்பது என்று எத்தனையோ. முதலாண்டுப் பிள்ளைகளுக்கு நாங்கள் பேசிப் புரியவைப்பதை நிறுத்திவிட்டு பிளேட்டைக் காட்ட ஆரம்பித்தோம். நியூட்ரியன்ட் அகார் பிளேட்டை நான்காகக் கோடு போட்டுப் பிரித்து, கழுவாத விரல், தண்ணீரில் மட்டும் கழுவிய விரல், சோப்புப் போட்டுக் கழுவிய விரல், சானிடைசர் தடவிய விரல் என்று ஆளுக்கொரு பிளேட்டில் தொட்டு வைக்கச் சொல்வோம். மறுநாள் அவரவர் விரலின் படம் அவரவர் கண்முன் முளைத்திருக்கும். தண்ணீரில் மட்டும் கழுவிய கட்டத்தில் சில நேரம் கழுவாததைவிடக் கூடுதலாகக்கூட வளர்ந்திருக்கும். தோலின் மடிப்பில் இருந்ததை ஈரம் மேலே கொண்டுவந்துவிடும். அந்தப் பிளேட்டைப் பார்த்தவர்கள் சோப்புக்குத் தாங்களாகவே வரிசையில் நிற்பார்கள்.

பழைய தலைமுறைக்கு இன்னொரு பழக்கம் இருந்தது. பிப்பெட்டை வாயில் வைத்து உறிஞ்சுவார்கள். மேல்முனையில் பஞ்சு இருக்கிறது, ஒன்றும் ஆகாது என்பது அவர்கள் வாதம். டைபாய்டு கல்ச்சரை அப்படி உறிஞ்சி வாய்க்குள் இழுத்துக்கொண்ட ஒரு மருத்துவரின் கதை 1893-லேயே பதிவாகியிருக்கிறது. அதன் பிறகும் நூறாண்டுக்கு மேல் இந்த வழக்கம் சாகவில்லை. ரப்பர் பல்புக்கு விலை சொற்பம்தான். "பல்பு இல்லைன்னா பிராக்டிகல் இல்லை" என்று ஒரு துறைத் தலைவர் ஒரே வார்த்தையில் சொன்ன அன்றுதான் எங்கள் லேபில் அது ஒழிந்தது. விதியை எழுதி ஒட்டினால் மட்டும் போதாது. அதை மீறினால் வேலை நடக்காது என்ற நிலை வர வேண்டும்.

நெருப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம், அது கண்ணுக்குத் தெரிகிற ஆபத்து. பர்னர் எரியும்போது மின்விசிறி ஓடக்கூடாது; சுடர் அலையும், தூசி பிளேட்டில் விழும். சென்னைச் சித்திரை வெயிலில் விசிறி இல்லாமல் முப்பது பிள்ளைகள் ஓர் அறையில் நின்றால் என்ன ஆகும் என்று பாடப்புத்தகம் எழுதியவருக்குத் தெரியாது. வியர்த்து எரிச்சலில் கோட்டைக் கழற்றுவார்கள். நைலான் துப்பட்டாவும், பின்னலில் இருந்து முன்னால் தொங்கும் மல்லிகைச் சரமும் சுடருக்கு மிகப் பிடித்தவை. துப்பட்டாவைக் கோட்டுக்குள் விட்டுக் கட்டு, பூவை வெளியே வைத்துவிட்டு வா, பின்னலைச் சுருட்டிக் கொண்டை போடு என்று சொல்லிச் சொல்லியே வாய் வலிக்கும். பிளேட்டில் கல்ச்சரைப் பரப்புவதற்காக ஸ்பிரிட்டில் தோய்த்துப் பற்றவைக்கும் எல்-ராடு இன்னொரு வம்பு. எரிகிற ராடை அவசரத்தில் திரும்ப ஸ்பிரிட் பீக்கரிலேயே வைத்துவிடுவார்கள். அதனால் பீக்கரில் ராடு நனைகிற அளவுக்குத்தான் ஸ்பிரிட் ஊற்றுவேன். பக்கத்திலேயே அதை மூட ஒரு பீங்கான் மூடி. தீப்பிடித்தால் மூடியைக் கவிழ்த்தால் அணைந்துவிடும்.

கண்ணுக்குத் தெரியாததுதான் பெரும்பாடு. ஈரமான லூப்பைச் சட்டென்று சுடரில் நீட்டினால் 'பட்பட்'டென்று தெறிக்கும். அந்தத் தெறிப்பில் உயிருள்ள கிருமி இருக்கும். கம்பியின் மேற்பகுதியை முதலில் காட்டி, மெதுவாக நுனிக்கு வந்தால் தெறிக்காது. சூடான லூப்பைக் கல்ச்சர் பிராத்தில் விட்டால் 'சுர்' என்று ஆவி கிளம்பும். அதைச் சுவாசிப்பது லூப் பிடித்தவர் மட்டுமா? எதிர்ப்பக்கம் நிற்பவரும்தான்.

லாமினார் என்று நாங்கள் சொல்லும், வடிகட்டிய காற்றடிக்கும் பெட்டியைப் பற்றி ஒரு பெரிய தவறான நம்பிக்கை உண்டு. "ஹூடுக்குள்ள வச்சுதானே பண்றோம், சேஃப்தான்" என்பார்கள். நம் கல்லூரிகளில் பெரும்பாலும் இருப்பது கிடைமட்டமாகக் காற்றடிக்கும் லாமினார். பின்சுவரிலிருந்து வடிகட்டிய காற்று பிளேட்டுக்கு மேலாகப் பாய்ந்து நேராக முன்னால் உட்கார்ந்திருப்பவர் முகத்துக்கு வரும். அது பிளேட்டைக் காப்பாற்றும் பெட்டி, ஆளைக் காப்பாற்றுவது இல்லை. ஆளைக் காப்பது பயோசேஃப்டி கேபினட். காற்றை உள்ளே இழுத்து, வடிகட்டித்தான் வெளியே விடும். இரண்டும் பார்வைக்கு ஒரே மாதிரி கண்ணாடிப் பெட்டிதான், விலையில்தான் வித்தியாசம் தெரியும். மீடியா ஊற்ற லாமினார் போதும். நோய்க்கிருமியை அதில் வைத்துத் திறப்பது முகத்தில் விசிறிக்கொள்வதற்குச் சமம். வேலை முடிந்து புறஊதா விளக்கைப் போட்டுவிட்டு அந்த நீல வெளிச்சத்தை வேடிக்கை பார்க்கிறவர்களும் உண்டு. ராத்திரி கண்ணில் மணல் போட்டது போல உறுத்தும்போதுதான் தெரியும்.

"லேப்ல டி.பி. கிருமி வச்சிருப்பாங்களா?" என்று அட்மிஷனுக்கு வரும் பெற்றோர் கேட்பார்கள். கேட்பதில் நியாயம் இருக்கிறது. 1928-இல் டாக்டர் டேவிட் சவுரிமுத்து தொடங்கி, 1937-இல் அரசு ஏற்றுக்கொண்ட காசநோய் மருத்துவமனையால் சானடோரியம் என்ற பெயரே ஒரு ரயில் நிலையத்துக்கு நிலைத்துவிட்ட ஊர் எங்கள் தாம்பரம். பதில்: வைத்திருக்க மாட்டார்கள், வைத்திருக்கவும் கூடாது. கிருமிகளை ஆபத்தை வைத்து நான்கு வகுப்பாகப் பிரித்திருக்கிறார்கள். தயிரில் இருக்கும் லாக்டோபேசிலஸ், இட்லி மாவு ஈஸ்ட் போன்றவை முதல் வகுப்பு. ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ், சால்மோனெல்லா இரண்டாவது. காசநோய்க் கிருமி மூன்றாவது. அதை வளர்க்கத் தனிக் கட்டமைப்பு உள்ள லேப் வேண்டும். இளங்கலைப் பிள்ளைகளின் கையில் முதல் வகுப்பும், நல்ல மேற்பார்வையோடு இரண்டாம் வகுப்பில் சிலவும் மட்டுமே வர வேண்டும். சண்டிகரில் உள்ள தேசியக் கிருமிச் சேமிப்பகத்திலிருந்து எண் போட்டு வரும் கல்ச்சருக்கு ஊர், பேர், குணம் எல்லாம் தெரியும். பேர் தெரிந்த கிருமியிடம் எப்படி நடந்துகொள்வது என்பதும் தெரியும்.

எனக்கு அச்சம் தருவது பேர் தெரியாதவை. மண்ணெடுத்து வா, தண்ணீர் எடுத்து வா, அதில் என்ன இருக்கிறது பார் என்பது எல்லாக் கல்லூரியிலும் பிராஜெக்ட். எங்கள் பக்கத்தில் அதற்குப் பஞ்சமே இல்லை. கீழ்க்கட்டளை ஏரி நிரம்பி நாராயணபுரம் ஏரிக்கும், அங்கிருந்து பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்கும் போகும். வழியெல்லாம் வீட்டுக் கழிவும் கூடவே போகும். கோவிலம்பாக்கம் கிணறுகளிலிருந்து லாரிகளில் ஏறும் தண்ணீர் இருக்கிறது. பிள்ளைகள் பாட்டிலில் பிடித்து வந்து, மெக்காங்கி பிராத்தில் விட்டு, டர்ஹாம் குழாயில் வாயுக் குமிழி வருகிறதா என்று பார்ப்பார்கள். நல்ல பாடம்தான். ஒரு சொட்டு ஏரித் தண்ணீரில் இருப்பது கொஞ்சம் கிருமி. அதை இரண்டு நாள் முப்பத்தேழு டிகிரியில் ஊட்டி வளர்த்த பிளேட்டில் இருப்பது கோடிக்கணக்கு. கொண்டுவந்தபோது இருந்த ஆபத்து வேறு, வளர்த்த பிறகு இருக்கும் ஆபத்து வேறு. ஆகவே பேர் தெரியாத பிளேட்டை இரண்டாம் வகுப்புக் கிருமியாகவே நடத்த வேண்டும்; டேப் ஒட்டி, திறக்காமல், மூடிக்கு மேலாகவே எண்ண வேண்டும்.

திறந்து மோந்து பார்ப்பதை முழுக்க விட்டுவிட வேண்டும். எங்கள் காலத்தில் அது பெருமையாக இருந்தது. சூடோமோனாஸ் பிளேட் திராட்சை வாசனை அடிக்கும் என்று மூத்த ஆசிரியர்களே முகர்ந்து காட்டுவார்கள். மண்ணிலும் வயல் சேற்றிலும் வாழும் பர்க்ஹோல்டேரியா சூடோமாலை என்று ஒன்று இருக்கிறது. மீலியாய்டோசிஸ் என்ற நோயைத் தரும். தமிழ்நாட்டிலும் நோயாளிகளைக் கண்டறிந்திருக்கிறார்கள். சர்க்கரை நோயாளிகளைக் குறிபார்த்துத் தாக்கும். சாதாரண சோதனைகளில் அதைச் சூடோமோனாஸ் என்றே தவறாக எழுதிவிடுவது நடக்கிறது. வயல் மண்ணில் முளைத்த ஒரு காலனியை வாசனைக்காக முகர்கிறவருக்கு, தான் எதை முகர்கிறோம் என்று எப்படித் தெரியும்?

வளர்த்ததைக் கொல்லும் இடத்துக்கு வருவோம். ஆட்டோகிளேவ் என்பது வீட்டுக் குக்கரின் பெரிய அண்ணன். தம்பியிடம் பயப்படுகிறவர்கள் அண்ணனிடம் அலட்சியமாக இருப்பார்கள். 15 பவுண்டு அழுத்தம், 121 டிகிரி, 15 நிமிடம் என்பதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் மாணவர்கள் சொல்வார்கள். அது மீடியாவுக்கான கணக்கு. கழிவுக்கு அது போதாது. அடைத்துக் கட்டிய பையின் நடுவில் இருக்கும் பிளேட்டுக்குச் சூடு போய்ச் சேரவே நேரமாகும். பையின் வாயை இறுக்கிக் கட்டாமல், உள்ளே கொஞ்சம் தண்ணீர் விட்டு, அரை மணிக்கு மேல் வைக்க வேண்டும். தொடங்கும்போது ஆவிக்குழாயைத் திறந்து வைத்து உள்ளிருக்கும் காற்று முழுவதும் வெளியேறிய பிறகே மூட வேண்டும். காற்று உள்ளே தங்கினால் முள் 15 பவுண்டு காட்டும், சூடு 121-ஐத் தொடாது. முள்ளைப் பார்த்து ஏமாந்து போவோம். நடுவில் கரண்ட் போனால் முதலிலிருந்து மறுபடி ஓட்ட வேண்டும். விட்ட இடத்திலிருந்து இல்லை. பையில் ஒட்டும் ஆட்டோகிளேவ் டேப்பில் கறுப்புக் கோடு விழுந்துவிட்டது என்பதும் அத்தாட்சி ஆகாது. சூடு பட்டது என்று மட்டுமே அது சொல்லும். ஜியோபேசிலஸ் ஸ்டீரோதெர்மோஃபிலஸ் என்ற முரட்டுக் கிருமியின் வித்துகள் தடவிய துண்டுகள் விற்கிறார்கள். ஒன்றைப் பைக்கு நடுவில் வைத்து ஓட்டிவிட்டு, பிறகு வளர்த்துப் பார்க்க வேண்டும். அதுவும் செத்திருந்தால் மற்றதெல்லாம் செத்தது என்று நம்பலாம். மீடியா பாட்டிலின் மூடியைத் தளர்த்தி வைப்பதும், முள் பூஜ்யத்துக்கு வரும்வரை மூடியைத் தொடாமல் இருப்பதும் நம் கையையும் முகத்தையும் காக்கும். சீக்கிரம் வீட்டுக்குப் போகும் அவசரத்தில் ஆவியைத் திறந்துவிட்டால், உள்ளே அகார் பொங்கிச் சீறும்.

கிருமி கொல்ல வைக்கும் ஹைப்போ (சோடியம் ஹைப்போகுளோரைட்) வாளிக்கும் இதே கண்டிப்பு வேண்டும். ஒரு சதவீதக் கரைசலை அன்றன்றைக்குக் கலக்க வேண்டும். நம் ஊர் வெக்கையில் அதன் வீரியம் இறங்கிக்கொண்டே போகும். நேற்றைய வாளியில் ஸ்லைடைப் போடுகிறவர் வெறும் தண்ணீரில் போடுவதாகவே நினைத்துக்கொள்ளலாம். ஹைப்போவில் ஊறியதை அப்படியே ஆட்டோகிளேவில் ஏற்றக்கூடாது, குளோரின் வாயு கிளம்பும். டியூப் விழுந்து உடைந்தால் உடனே துணியோடு ஓடக்கூடாது. பழைய நியூஸ்பேப்பரால் மூடி, ஓரத்திலிருந்து நடுவை நோக்கி மருந்தை ஊற்றி, இருபது நிமிடம் யாரையும் அண்டவிடாமல் காத்திருந்து, கண்ணாடித் துண்டுகளை இடுக்கியால் எடுக்க வேண்டும். இதைச் சொல்லித்தர வேண்டியது பிள்ளைகளுக்கு மட்டுமா? ஒரு கல்லூரியில் ஆயாம்மா ஒருவர் உடைந்த ஸ்லைடுகளை வெறுங்கையால் கூட்டி அள்ளுவதைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, கையுறை தரலையா?" என்றேன். "அதெல்லாம் படிக்கிற புள்ளைங்களுக்குப்பா" என்றார். எவ்வளவு தெளிவான பதில்! லேபில் எந்தக் கிருமி இருக்கிறது என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. ஆபத்து எங்கே கடைசியாக வந்து நிற்குமோ, அங்கேதான் பயிற்சியும் கையுறையும் போய்ச் சேருவதில்லை.

2016-இன் உயிர்மருத்துவக் கழிவு விதிகள் மருத்துவமனைக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களும் அதில் வருகின்றன. மைக்ரோபயாலஜி கழிவை அந்தந்த இடத்திலேயே கிருமி நீக்கி, மஞ்சள் பையில் போட்டு, 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்காமல் அனுப்ப வேண்டும். இந்த விதியைப் பின்பற்றாத இடங்களில் பிளேட்டுகள் பிளாஸ்டிக் என்று பழைய சாமான் கடைக்கும், டியூப்கள் கண்ணாடி என்று குப்பை வண்டிக்கும் போவதை நான் பார்த்திருக்கிறேன். கல்விச்சாலைக் குப்பை பழைய இரும்புக் கடைக்குப் போனால் என்ன ஆகும் என்பதற்கு 2010-இல் டெல்லி மாயாபுரியில் நடந்ததே சாட்சி. டெல்லிப் பல்கலைக்கழக வேதியியல் துறை பல ஆண்டுகள் பயன்படுத்தாமல் கிடந்த ஒரு கருவியை ஏலத்தில் விற்றது. உள்ளே கோபால்ட்-60 இருந்தது. அதை உடைத்த தொழிலாளர்கள் கதிர்வீச்சில் சிக்கி, ஒருவர் இறந்துபோனார். அவருக்கு வேதியியல் என்ன, துறை என்ன!

இதற்கும் முன்னால், 1978-இல் இங்கிலாந்தின் பர்மிங்காம் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் ஜேனட் பார்க்கர் என்பவர் பெரியம்மையில் இறந்தார். இந்தியாவே அந்த நோயிலிருந்து விடுபட்டுவிட்டதாக 1977-இல் அறிவித்த பிறகு! உலகில் பெரியம்மையால் கடைசியாக உயிரிழந்தவர் அவர். வைரஸை ஆராய்ந்தவர் இல்லை. அந்த வைரஸை வைத்திருந்த லேபுக்கு மேல்தளத்தில் வேலை பார்த்த புகைப்படக்காரர்.

பின்னால் வருகிறவர்களை நினைத்துத்தான் இதையெல்லாம் சொல்கிறேன். மாணவர்களுக்கு: மேசையைத் தொடங்கும்போதும் முடிக்கும்போதும் மருந்து போட்டுத் துடையுங்கள், கோட்டை லேபிலேயே விட்டு, சோப்புப் போட்டுக் கைகழுவி வெளியே போங்கள். ஆசிரியர்களுக்கு: ஆண்டுத் தொடக்கத்தில் நடத்தும் பாதுகாப்பு வகுப்பில் ஆயாம்மாவுக்கும் முதல் வரிசையில் ஒரு நாற்காலி போடுங்கள், அவருக்குப் புரியும் தமிழில் நடத்துங்கள். நிர்வாகங்களுக்கு: இன்னொரு லாமினார் வாங்கும் முன், லேப் வாசலில் ஒரு கைகழுவும் தொட்டியும், கழிவுக்கெனத் தனி ஆட்டோகிளேவும், ஊழியர்களுக்குக் கையுறையும் தடுப்பூசியும் இருக்கின்றனவா என்று பாருங்கள். பிள்ளைகளைச் சேர்க்க வரும் பெற்றோரே, கட்டடத்தைப் பார்த்துவிட்டுப் போய்விடாதீர்கள். லேபைக் கூட்டுகிறவர் கையில் என்ன போட்டிருக்கிறார் என்று ஒருமுறை பார்த்துவிட்டு ஃபீஸ் கட்டுங்கள்.